முரசுமோட்டை ஏன் இரண்டு தரம் வந்தது: டிபக்கர் காட்டாமல் விட்ட 23 பெயர்கள்

ஐயா அந்தத் தாளை என் மேசையில் விரித்து வைத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த பிறின்ட். இரண்டு இடத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்.

"பிள்ளை, முரசுமோட்டைக்கு ரெண்டு கணக்கு வந்திருக்கு. முதல் பக்கத்தில ஒண்டு, கடைசிப் பக்கத்தில ஒண்டு. எங்கட ஆக்கள் எந்தக் கணக்கில நிக்கினம்?"

ஐப்பசி மாதம். இரணைமடுவின் கீழ் காலபோகத்துக்கு உழவு தொடங்கிவிட்டது. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் யாருக்கு எவ்வளவு கடன் என்ற பட்டியல் விதைப்புக்கு முன் கைக்கு வந்தாக வேண்டும். சில கமக்காரர் அமைப்புகளுக்காக அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருளை நாங்கள்தான் எழுதியிருந்தோம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடை ஒன்றின் மேல்மாடியில் மூன்று பேர் இருந்து வேலை செய்யும் அறை. ஐயா அந்த அமைப்புகளில் ஒன்றின் செயலாளர். பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்து வாசித்தவர் அவர் ஒருவர்தான்.

நான் அதை வாசிக்கவில்லை. டிபக்கரில், அதாவது ஓடுகிற நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்கிற கருவியில், பார்த்திருந்தேன். இரண்டும் ஒன்று என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நிரல் தரவை வைத்திருக்கும் இடத்துக்கு வேரியபிள் என்று பெயர். பெரிய வேரியபிள் ஒன்றை டிபக்கரில் திறந்தால் நாம் காண்பது அந்த வேரியபிளை அல்ல, அதன் ஒரு துண்டைத்தான். இது தெரியாமல் எனக்கு இரண்டு நாள் போனது. விதைப்புக் காலத்தில் இரண்டு நாள் என்றால் என்ன என்று வன்னியில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொருவருக்கு அந்த இரண்டு நாள் போகக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் மென்பொருள் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. டிபக்கருக்கு எக்ஸ்டிபக். தரவு இரண்டு வழியாக வந்தது. வயலுக்குப் போகிறவர்கள் போனில் பதிந்து அனுப்பிய புதிய பதிவுகள் ஒன்று. அமைப்புகளின் அலுவலகக் கொம்பியூட்டர்களில் பல வருடமாகக் கிடந்த பழைய பட்டியல்கள் மற்றது. இரண்டையும் சேர்த்து ஊர்வாரியாகக் கூட்டுவதுதான் வேலை.

ஐயா போனதும் பழைய பட்டியலை வாசிக்கும் இடத்தில் நிரலை நிறுத்தி, வாசித்த உரை முழுவதையும் வார்-டம்ப் என்ற கட்டளை மூலம் திரையில் கொட்டினேன். ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள், காற்புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆனால் கடைசி எழுத்தின் இடத்தில் ஒரு கறுப்பு வைரம், அதற்குள் கேள்விக்குறி. தமிழோடு வேலை செய்கிற எவருக்கும் அந்தக் குறி தெரியும். எங்கேயோ எழுத்தின் பைட்டுகள் உடைந்துவிட்டன என்று அர்த்தம்.

"அக்கா, டேட்டா உடையுது போல கிடக்கு," என்றான் தம்பி. எங்களோடு பயிற்சிக்கு வந்திருந்த பெடியன். எனக்கும் அப்படித்தான் பட்டது. எழுத்து உடைந்தால் ஊர்ப் பெயர் மாறும், பெயர் மாறினால் ஒரு ஊர் இரண்டாகும். கதை பொருந்திவிட்டது. பொருந்திய கதையைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

அன்றைய மிச்சமும் அடுத்த நாளும் அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் திரிந்தோம். தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லில் அட்டவணைகளின் எழுத்துக் குறிமுறையைப் பார்த்தோம். பழைய யூடிஎஃப்8 என்று இருந்தது. அதை யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றினோம். அந்த மாற்றம் தேவையே இல்லை. மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 ஒரு எழுத்துக்கு 3 பைட் வரை ஏற்கும், தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் சரியாக 3 பைட். 4 பைட் கேட்பவை இமோஜி போன்றவைதான். அந்த நேரம் இது எனக்குத் தெரியும், ஆனால் அந்தரத்தில் யோசிக்கவில்லை. கோப்பை வாசிக்கும் வரிகளைத் திருப்பி எழுதினோம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே வைரம்.

"அதே இடத்தில்" என்பதுதான் கடைசியில் உறைத்தது. தரவு உடைந்திருந்தால் உடைவு பல இடங்களில் சிதறிக் கிடக்க வேண்டும். இது எப்போதும் கடைசியில், டம்ப்பின் முடிவில் வரும் மூன்று புள்ளிக்கு முன்னால் மட்டுமே நின்றது.

உரையின் தொடக்கத்தில் வெறும் இடைவெளி ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். வைரம் இருந்தது. இன்னொரு இடைவெளி சேர்த்தேன். வைரம் மறைந்துவிட்டது. மூன்றாவதைச் சேர்த்ததும் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் டம்ப்பின் முதல் சொல்லைப் பார்த்தேன். ஸ்ட்ரிங்(48213) என்று இருந்தது. ஸ்ட்ரிங் என்றால் எழுத்துகளின் தொடர். உரையின் மொத்த நீளம் 48,213 பைட். எக்ஸ்டிபக் வார்-டம்ப்பில் ஒரு ஸ்ட்ரிங்கின் முதல் 512 பைட்டைத்தான் காட்டும். அதன் இயல்பான வரம்பு அது. நூறில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு முழுவதையும் பார்த்ததாக நினைத்திருக்கிறேன். 512ஐ 3 ஆல் வகுத்தால் 170, மீதி 2. இடையில் காற்புள்ளியும் இலக்கமும் வந்தால் மீதி மாறும். எப்படியும் மூன்றில் இரண்டு தடவை வெட்டு ஒரு தமிழ் எழுத்தின் நடுவில்தான் விழும். அந்த எழுத்தை உடைத்தது டிபக்கரின் கத்தரிக்கோல். தரவில் ஒரு கீறலும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர்கள் இந்தப் பொறியில் விழுவதில்லை, அவர்களின் எழுத்து ஒரு பைட்டில் அடங்கிவிடும். தமிழில் வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்டிபக்கின் அமைப்பில் இதற்கு மூன்று திருகாணிகள் உண்டு. மூன்றும் 'வார் டிஸ்ப்ளே மேக்ஸ்' என்று தொடங்கும். 'டேட்டா' என்று முடிவது ஸ்ட்ரிங்கின் நீளம், இயல்பாக 512. 'சில்ரன்' என்று முடிவது ஒரு அரேயில், அதாவது பல உறுப்புகள் கொண்ட பட்டியலில், எத்தனை உறுப்புக் காட்டுவது என்பது, இயல்பாக 128. 'டெப்த்' என்று முடிவது உள்ளுக்குள் எத்தனை அடுக்கு இறங்குவது என்பது, இயல்பாக 3. எதற்கும் -1 கொடுத்தால் வரம்பு நீங்கும். எடிட்டருக்குள் ஒவ்வொரு அடியாக நடத்திப் பார்க்கும்போது இதே மூன்றையும் எடிட்டர் தன் பங்குக்குக் கேட்டு வாங்கும். விஎஸ் கோடில் லோன்ச் கோப்பில் எக்ஸ்டிபக் செட்டிங்ஸ் என்ற இடத்தில் அதை மாற்றலாம். திரையில் ஒன்று, எடிட்டரில் ஒன்று என்று வேறு வேறு அளவில் வெட்டுப்படுவது இதனால்தான்.

ஸ்ட்ரிங்கின் வரம்பை நீக்கினேன். வைரம் ஒன்றுகூட இல்லை. நிம்மதி வரவில்லை, ஏனென்றால் முரசுமோட்டை இன்னும் இரண்டாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடிய அரேக்கு வந்தேன். ஊர்ப் பெயர் சாவியாகவும் கடன்தொகை மதிப்பாகவும் உள்ள அரே. முதல் நாளே அதை டம்ப் செய்து பார்த்திருந்தேன். அப்போது கண்ணால் தேடியதில் முரசுமோட்டை ஒன்றுதான் கிடைத்தது. அதனால் அரே சரி, அதற்குப் பிறகு எங்கேயோதான் பிழை என்று முடிவெடுத்திருந்தேன். இந்த முறை முதல் வரியை வாசித்தேன். அரே(151). கடைசி வரியில் இன்னும் உறுப்புகள் உண்டு என்று எழுதியிருந்தது. 151இல் 128 போனால் 23. ஐயா கடைசிப் பக்கத்தில் கண்ட முரசுமோட்டை அந்த 23க்குள் இருந்தது.

"தம்பி, கே-சோர்ட் போட்டுப் பார்ப்பம்," என்றேன். சாவிகளை வரிசைப்படுத்தினால் ஒரே மாதிரியானவை கிட்டக் கிட்ட வரும். வந்தன. இரண்டு முரசுமோட்டை, ஒன்றன் கீழ் ஒன்றாக. கொக்காவில் இரண்டு. கோணாவில் இரண்டு. கொக்குத்தொடுவாய் இரண்டு. பரந்தன் ஒன்றுதான். பூநகரி ஒன்றுதான். மாங்குளம் ஒன்றுதான்.

தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான். "அக்கா, ரெண்டா வாறதெல்லாம் கொம்பும் அரவும் உள்ள ஊர்."

ஒவ்வொன்றின் பைட் நீளத்தையும் எடுத்தோம். மேலே இருந்த முரசுமோட்டை 36, கீழே இருந்தது 33. திரையில் இரண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. கிளிநொச்சிக்கும் அப்படியே, 30 ஒன்று, 33 ஒன்று. கொக்குத்தொடுவாயில் கொகரமும் தொகரமும் இருப்பதால் 48க்கும் 54க்கும் இடையில் 6 பைட் வித்தியாசம்.

ஒருங்குறியில் (யூனிகோட்) 'மோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். மகரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. மகரம், பிறகு இரட்டைக் கொம்பு, பிறகு அரவு என்று துண்டாக வைப்பது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கொம்பியூட்டருக்கு 3 பைட் வேறுபட்ட இரண்டு சொற்கள்.

இதை எங்களுக்கு உறுதிப்படுத்தித் தந்தது, தரவை ஜேசன் என்ற உரை வடிவத்துக்கு மாற்றும் ஜேசன்-என்கோட் கட்டளை. பிஎச்பியில் அதை இயல்பாக விட்டால் தமிழ் எழுத்துகளைக் காட்டாது, ஒவ்வொன்றையும் அதன் ஒருங்குறி எண்ணாக மாற்றிப் போடும். எனக்கு அது எப்போதும் எரிச்சல், தமிழை அப்படியே விடு என்ற விருப்பத்தைச் சேர்த்துத்தான் எழுதுவேன். அன்று அந்த விருப்பத்தை எடுத்துவிட்டுப் பார்த்தோம். ஒரு முரசுமோட்டையில் 0பிசிபி என்ற ஒரே எண். மற்றதில் 0பிசி7, 0பிபிஇ என்று இரண்டு. அழகாகத் தமிழில் காட்டினால் தெரியாத வித்தியாசம், அசிங்கமான எண்களில் பட்டப்பகல் போலத் தெரிந்தது.

பின்னேரம் ஐயாவுக்குப் போன் எடுத்து, பழைய பட்டியல் எப்படி அடிக்கப்பட்டது என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாமினியில அடிச்சது பிள்ளை. நான்தான் கொஞ்சம் அடிச்சனான். பிறகு ஆரோ ஒரு பெடியன் கொன்வேர்ட் பண்ணித் தந்தவன்."

பாமினி எழுத்துரு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எத்தனை அலுவலகக் கொம்பியூட்டர்களில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. அதில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம்: முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு அரவு. அதை ஒருங்குறிக்கு மாற்றிய நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறது, ஆனால் கொம்பையும் அரவையும் சேர்த்து ஒரே குறியாக்கவில்லை. போனில் பதிந்தவர்களின் விசைப்பலகை ஒரே குறியாகவே போட்டிருக்கிறது. ஒரே ஊர், இரண்டு தலைமுறை எழுத்து.

திருத்தம் ஒரு வரி. பிஎச்பியின் இன்டல் நீட்சியில் நோர்மலைசர் என்று ஒரு வகுப்பு உண்டு. உள்ளே வருகிற எல்லா உரையையும் அதன் சி வடிவத்துக்கு மாற்றினால் துண்டுக் குறிகள் சேர்ந்து ஒன்றாகிவிடும். தரவு நுழையும் வாசலிலேயே அதை வைத்தோம், ஏற்கெனவே சேர்ந்ததையும் ஒரு தடவை ஓட்டித் திருத்தினோம். ஒரு எச்சரிக்கை: சௌந்தரம் என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் அடிப்பவர்கள் உண்டு. அது உண்மையிலேயே வேறு எழுத்து என்பதால் நோர்மலைசர் அதைத் தொடாது. அதைக் கண்ணால் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இதற்குப் பிறகு என் வேலைமுறை மாறியது. மாறிய விதத்தைச் சொல்கிறேன்.

வேரியபிளைத் திறக்க முன் அதன் அளவைக் கேட்கிறேன். ஸ்ட்ரிங் என்றால் எத்தனை பைட், எத்தனை எழுத்துக்குறி, அரே என்றால் எத்தனை உறுப்பு. திரையில் தெரிவது அந்த அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளடக்கத்தை வாசிக்கிறேன். டிபக்கர் அந்த எண்ணை முதல் சொல்லிலேயே சொல்லிவிடுகிறது. நான்தான் அதைத் தாண்டிப் போய் உள்ளே தேடினேன்.

பெரிதென்று தெரிந்தால் டிபக்கரின் பெட்டிக்குள் உருட்டி உருட்டிப் பார்ப்பதில்லை. நிரல் நின்ற இடத்திலேயே, அந்த வேரியபிளை ஜேசனாக்கி, ஒரு வரிக்கு ஒரு உறுப்பாக அடுக்கி, ஒரு கோப்பில் எழுதிவிடுகிறேன். டிபக்கரின் கட்டளைப் பெட்டியில் ஒரு வரி போதும், நிரலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கோப்பாகிவிட்டால் தேடலாம், வரிசைப்படுத்தலாம், முக்கியமாக ஒப்பிடலாம். சேர்க்க முன் ஒரு கோப்பு, சேர்த்த பின் ஒரு கோப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட டிஃப். முதல் நாளே இதைச் செய்திருந்தால் கூடுதலாக முளைத்த ஊர்கள் டிஃப்பில் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

வரம்பை நீக்குவது எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைக்க வேண்டாம். மூன்றுக்கும் -1 போட்டு வைத்துக்கொண்டு, தரவுத்தளத்தோடு தொடர்புள்ள ஒரு ஒப்ஜெக்டைத் தம்பி திறந்தான். கமக்காரருக்குள் அமைப்பு, அமைப்புக்குள் மற்றக் கமக்காரர்கள், அவர்களுக்குள் கடன்கள் என்று இறங்கி இறங்கி, 8 ஜிபி நினைவகமுள்ள லப்டொப் அசையாமல் நின்றுவிட்டது. அந்த வரம்புகளை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். டிபக்கர் ஒவ்வொரு அடியிலும் கண்முன் உள்ள எல்லா வேரியபிளையும் திரும்பக் கேட்டு வாங்குகிறது. எல்லாம் முழுசாக வந்தால் ஒரு அடி வைக்க ஒரு நிமிடம் போகும். இப்போது நான் ஸ்ட்ரிங்கின் வரம்பைத் தேவைப்படும்போது மட்டும் நீக்குகிறேன், ஆழத்தின் வரம்பைத் தொடுவதில்லை.

இணைப்பு மெதுவான இடத்தில் இது இன்னும் கடுமை. 2022 பங்குனி முடிவில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் லப்டொப்பின் பற்றரியையும் போனின் ஹொட்ஸ்பொட்டையும் நம்பித் தூரத்து சேர்வர் ஒன்றில் டிபக் செய்ய வேண்டியிருந்தது. பெரிய வேரியபிள் ஒன்றைத் திறந்தால் பற்றரி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அப்போது பழகியது: வேரியபிளைக் கொண்டுவராதே, அதன் எம்டி5ஐக் கேள். எவ்வளவு பெரிய ஸ்ட்ரிங்குக்கும் 32 எழுத்தில் ஒரு கைரேகை வரும். இந்த அடிக்கு முன் ஒரு கைரேகை, பின் ஒரு கைரேகை. மாறாத இடங்களைத் தாண்டிப் போய், மாறிய இடத்தில் மட்டும் உள்ளே பார்க்கலாம்.

நான் அதிகம் நம்புவது நிபந்தனையோடு நிற்கும் பிரேக்பொயின்ட், அதாவது நிரலை நிறுத்தக் குறித்துவைக்கும் இடம். ஊர்ப் பெயரின் பைட் நீளமும் நோர்மலைஸ் செய்த வடிவத்தின் நீளமும் வேறுபட்டால் மட்டும் நில் என்று எழுதினேன். 2,340 பதிவில் 61 இடத்தில் நின்றது. 2,340 பதிவையும் கண்ணால் பார்க்க எவராலும் முடியாது. 61ஐ ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் பார்த்து முடித்தோம். வேரியபிள் பெரிதாகப் பெரிதாக அதைப் பார்ப்பதை விடக் கேள்வி கேட்பதுதான் வழி என்பது எனக்கு அதில்தான் விளங்கியது.

கேள்வி கேட்கும்போதும் கவனம் வேண்டும். டிபக்கரின் பெட்டியில் எழுதுகிற ஒவ்வொரு வரியும் ஓடிக்கொண்டிருக்கிற நிரலுக்குள்ளேயே ஓடுகிறது. கோப்பை வரிவரியாகத் தரும் ஜெனரேட்டர் ஒன்றை முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டு, அதை அரேயாக மாற்றும் கட்டளையை, நிரல் நிற்கும்போதெல்லாம் கணக்கிட்டுக் காட்டும் வொட்ச் பெட்டியில் போட்டேன். எல்லா வரியும் அழகாகத் தெரிந்தது. நிரலைத் தொடர விட்டதும், மூடப்பட்ட ஜெனரேட்டரைத் திரும்பச் சுற்ற முடியாது என்று விழுந்தது. நான் பார்த்ததே நிரலின் பங்கைச் சாப்பிட்டுவிட்டது. கோப்பிலிருந்து அடுத்த வரியை வாசி, தரவுத்தளத்தில் பதி என்கிற மாதிரியான எதையும் வொட்ச் பெட்டியில் வைக்கக் கூடாது.

தம்பி இதே பாடத்தை வேறு வழியால் படித்தவன். அறிவியல்நகரில் பொறியியல் படித்தபோது நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றுக்கு சி மொழியில் நிரல் எழுதியிருக்கிறான். நிமிடத்துக்கு ஒரு அளவு, ஒரு நாளைக்கு 1,440. சி நிரல்களுக்கான டிபக்கரான ஜிடிபியில் அந்த அரேயை பிறின்ட் செய்தால் 200 அளவு வந்து மூன்று புள்ளி. ஜிடிபியின் இயல்பு வரம்பு 200 உறுப்பு. நள்ளிரவில் தொடங்கினால் 200 நிமிடம் என்பது விடிய 3 மணி 20 வரைக்கும்தான். அவனுடைய பிழையோ பகல் 10 மணிக்குப் பிறகு வந்தது. "நான் ரெண்டு கிழமையா ராத்திரி அளவைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான் அக்கா," என்றான்.

அங்கே வரம்பை நீக்க 'செட் பிரிண்ட் எலிமென்ட்ஸ் 0' என்று கொடுக்கலாம். அவன் செய்தது அதைவிட நல்லது: 'பிரிண்ட் ரீடிங்ஸ்[600]@60'. அறுநூறாவது இடத்திலிருந்து 60 உறுப்பு, அதாவது 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் உள்ளதை மட்டும். ஜிடிபியில் இந்த @ குறியை அறியாதவர்கள் நிறையப் பேர். ஒரு மாதத்துக்கான அரே இன்னொரு சுவரில் முட்டியது. 43,200 அளவு, ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 1,72,800 பைட். அவனிடமிருந்த பதிப்பு 65,536 பைட்டுக்கு மேற்பட்ட மதிப்பை எடுக்கவே மாட்டேன் என்றது. அந்த வரம்பின் பெயர் மேக்ஸ் வேல்யூ சைஸ், அதையும் உயர்த்தலாம்.

ஜிடிபியின் இன்னொரு பழக்கம் அவனுக்கு உதவியது. ஒரே மதிப்பு அடுத்தடுத்துப் பத்துத் தடவைக்கு மேல் வந்தால் அது ஒவ்வொன்றாகக் காட்டாது, 'இத்தனை தடவை திரும்ப' என்று சுருக்கிவிடும். ஒரு நாள் பதிவில் அதே அளவு 94 தடவை என்று வந்தது. குளத்துத் தண்ணி ஒன்றரை மணித்தியாலம் ஒரு மில்லிமீற்றர்கூட அசையாமல் நிற்குமா? சென்சரின் கம்பி கழன்றிருந்தது. முழு அரேயையும் வரிவரியாகப் பார்த்திருந்தால் அந்த 94ஐ அவன் கவனித்திருப்பானோ தெரியாது. சுருக்கம் ஒளிப்பதும் உண்டு, காட்டுவதும் உண்டு.

மற்றக் கருவிகளிலும் வெட்டு இருக்கிறது, அளவுதான் வேறு. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் கொன்சோல் லொக் ஒரு அரேயின் 100 உறுப்புக்கு மேல் காட்டாது, உள்ளே இரண்டு அடுக்குக்குக் கீழே 'ஒப்ஜெக்ட்' என்று மட்டும் எழுதிவிடும். டெப்த்தை நல் என்று கொடுத்து கொன்சோல் டிர் போட்டால் அடுக்குகள் முழுதாக வரும். குரோமின் கொன்சோலில் 'கொப்பி' என்ற கட்டளைக்குள் வேரியபிளைக் கொடுத்தால் முழு உள்ளடக்கமும் கிளிப்போர்ட்டுக்குப் போய்விடும், எடிட்டரில் ஒட்டிப் பார்க்கலாம். பைதன் மொழியின் தரவு நூலகங்களில் பாண்டாஸ் 60 வரிக்கு மேற்பட்ட அட்டவணையின் தலையையும் வாலையும் மட்டும் காட்டும், நம்பை 1,000 உறுப்பைத் தாண்டினால் இரு பக்கத்திலும் மூன்று மூன்று. நடுவில் உள்ள பிழை நடுவிலேயே இருக்கும்.

கோப்பில் எழுதிப் பார் என்று மேலே சொன்னேன். அதோடு சேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதி சொன்னதாகிவிடும். அந்தக் கோப்பில் இருப்பது சும்மா தரவு இல்லை. ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், காணி எவ்வளவு, கடன் எவ்வளவு. எங்கள் ஊர்ச் சனம் எத்தனையோ பட்டியல்களில் பெயர் கொடுத்தவர்கள். எதற்கென்று தெரியாமலும் கொடுத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்கும்போது அவர்கள் ஒரு கணம் யோசிப்பதை வயலில் பதிவெடுக்கப் போனபோது நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர்கள் என் லப்டொப்பின் டவுன்லோட்ஸ் அடைவில் 'டெஸ்ட்2' என்ற பெயரில் கிடக்கக் கூடாது. முடிந்தவரை ஊர்ப் பெயர் மட்டும், தொகை மட்டும் என்று தேவையான விவரங்களைத்தான் கோப்புக்கு எடுக்கிறேன். உதவி கேட்டு யாருக்காவது காட்ட வேண்டி வந்தால் ஆட்பெயரை நீக்கிவிட்டுத்தான் காட்டுகிறேன்.

நாலாம் நாள் புதிய பட்டியலைப் பிறின்ட் எடுத்து ஐயாவிடம் கொடுத்தோம். எங்கள் அறையிலேயே கதிரையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினார். முரசுமோட்டைக்கு வந்ததும் நின்றார். பையிலிருந்து பழைய தாளை எடுத்தார். அதில் இருந்த இரண்டு தொகையையும் பேனையால் ஓரத்தில் எழுதிக் கூட்டி, புதிய தொகையோடு வைத்துப் பார்த்தார்.

"சரி," என்றார். பிறகு அடுத்த ஊருக்குப் போனார். கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவர் படியிறங்கிய பிறகு தம்பி தன் லப்டொப்பிலும் நான் என்னுடையதிலும், அந்த நாலு நாளில் எழுதிய டம்ப் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தோம். மொத்தம் 17 இருந்தது.